ஃபார்மட் அடித்தால் தீராது

"அண்ணே, வைரஸ் ஏறியிருக்கு. ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் புதுசாப் போட்டுட்டா சரியாயிடும்."

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்கிறோம். பாதியில் நீலத்திரை வருகிறது, அல்லது பட்டென்று அணைந்து தானே மறுபடி தொடங்குகிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் கிடைக்கும் பதில் மேலே உள்ளதுதான். மூணாறில் கேட்டாலும் இதுதான், போடியில் கேட்டாலும் இதுதான். கேபினெட்டின் மூடியைக் கழற்றும் முன்பே தீர்ப்பு வந்துவிடும். கடைக்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை. இன்ஜினியரிங் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன், ஜெராக்ஸ் கடைக்காரர், ஊருக்கு லீவில் வந்திருக்கும் ஐடி மாப்பிள்ளை என்று எல்லாரும் ஒரே குரலில் இதையே சொல்கிறார்கள்.

மூணாறுக்கு அப்பால் மலைமேல் இருக்கும் வட்டவடைக்காரருக்கு இந்தத் தீர்ப்பால் ஆகும் செலவு கொஞ்சம் கூடுதல். பாம்பாடுஞ்சோலை, டாப் ஸ்டேஷன், குண்டளை, மாட்டுப்பட்டி என்று மூணாறு போய்ச்சேர ஏறத்தாழ 45 கிலோமீட்டர். போடிக்கு என்றால் அதற்கப்புறமும் பூப்பாறை, போடிமெட்டு என்று மலை இறங்கவேண்டும். கேரட் மூட்டைக்கும் பூண்டு மூட்டைக்கும் நடுவே ஜீப்பில் உட்கார்ந்து, மடியில் கேபினெட்டை வைத்துக்கொண்டு போகிறார்கள். திரும்பி வரும்போது பிள்ளையின் புராஜெக்ட், கல்யாணப் படங்கள், பூண்டு விற்ற கணக்கு எதுவும் உள்ளே இருப்பதில்லை. "தம்பி, கணக்கெல்லாம் அதுலதானே இருந்துச்சு" என்று கேட்டால், "பேக்கப் எடுக்கச் சொல்லலையேண்ணே" என்பார் கடைத் தம்பி. சில வாரம் கழித்து இன்னொரு சாஃப்ட்வேரைப் போடும்போது கம்ப்யூட்டர் மறுபடி விழும்.

அந்தத் தீர்ப்பு தப்பு என்பதுதான் என் கட்சி. இன்ஸ்டால் செய்யும் நேரத்தில் கம்ப்யூட்டர் மொத்தமாக விழுந்தால், முதலில் பார்க்கவேண்டியவை ரேம், உள்ளே மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், டிஸ்க், சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட். ஃபார்மட் இந்த நான்கில் ஒன்றைக்கூடச் சரிசெய்யாது. போதாக்குறைக்கு, எது கெட்டது என்று காட்டிக்கொடுக்கக்கூடிய பதிவுகளையும் அழித்துவிடும்.

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. விண்டோஸ் 95, 98 நாட்களில் சாதாரண சாஃப்ட்வேர்கூட ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மெமரியில் கைவைத்து முழுக் கம்ப்யூட்டரையும் கவிழ்த்துவிட முடிந்தது. 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோவில் காம்டெக்ஸ் கண்காட்சி மேடையில் பில் கேட்ஸ் நின்றிருந்தார். மைக்ரோசாஃப்ட் ஊழியர் கிறிஸ் கபோசெலா, வெளிவரவிருந்த விண்டோஸ் 98-இல் ஒரு ஸ்கேனரைச் செருகினார். அதற்கான டிரைவரை விண்டோஸ் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும் என்று கூட்டத்துக்குக் காட்டுவதற்காகத்தான். வந்தது நீலத்திரை. அரங்கமே சிரித்தது. உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்த இன்ஸ்டால் விபத்து அதுவாகத்தான் இருக்கும். குற்றவாளி அங்கே சந்தேகமில்லாமல் சாஃப்ட்வேர்.

2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியோடு நிலைமை மாறிவிட்டது. அதுவரை அலுவலகங்களுக்கு மட்டும் விற்றுவந்த என்டி வகைக் கெர்னல், அதாவது விண்டோஸின் மையப் பகுதி, வீட்டுக்கும் வந்தது. அதன்பின் ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் தனித்தனி மெமரி ஒதுக்கீடு. ஒன்று எல்லை தாண்டினால் அந்த ஒன்றை மட்டும் விண்டோஸ் மூடும். மற்றவை பாட்டுக்கு ஓடும். கெர்னலுக்குள் நுழையும் உரிமை டிரைவர்களுக்கும் ஆன்டிவைரஸ் மாதிரியான சிலவற்றுக்கும்தான் உண்டு. ஆகவே டேலியோ ஒரு தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரோ இன்ஸ்டால் ஆகும்போது முழுக் கம்ப்யூட்டரும் விழுகிறது என்றால், அப்படி விழவைக்கும் அதிகாரமே அந்தச் சாஃப்ட்வேருக்குக் கிடையாது. இது கால் நூற்றாண்டுச் சங்கதி. கடைகளில் மட்டும் இன்னும் 1998 முடியவில்லை.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு, இதைப் போட்டதும்தானே நின்னுச்சு?" இது எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். பதில், இன்ஸ்டால் என்ற வேலையின் தன்மையில் இருக்கிறது.

நாம் டவுன்லோடு செய்கிற செட்டப் கோப்பு இறுக்கிச் சுருக்கிய ஒரு பொதி. அதை விரிக்கும்போது பிராசஸர் முழு வேகத்தில் ஓடும். விரித்தது முதலில் ரேமில் இறங்கும். சரியாக விரிந்ததா என்று ஒவ்வொரு துண்டும் கணக்குப் போட்டுச் சரிபார்க்கப்படும். பிறகு ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளாக டிஸ்க்கில் எழுதப்படும். எழுதிய கையோடு ஆன்டிவைரஸ் ஒவ்வொன்றையும் மறுபடி படிக்கும். பிராசஸர், ரேம், டிஸ்க் மூன்றும் ஒரே நேரத்தில் முழுப் பாரத்தில் வேலை செய்ய, அத்தனைக்கும் வேண்டிய மின்சாரத்தை எஸ்எம்பிஎஸ் திடீரென்று கூட்டிக் கொடுக்கவேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரின் வாழ்க்கையில் இவ்வளவு பாரம் ஏறும் நேரம் வேறு அதிகம் கிடையாது. லெட்டர் டைப் செய்வதிலும் படம் பார்ப்பதிலும் இதில் கால்வாசிகூட வராது.

இன்னொன்றும் இருக்கிறது. படம் ஓடும்போது ரேமில் ஒரு பிட் புரண்டுவிட்டால், திரையில் எங்கோ ஒரு புள்ளி ஒரு கணம் நிறம் மாறும். யார் பார்த்தது? சுருக்கிய கோப்பில் ஒரு பிட் புரண்டால் அந்தத் துண்டில் அதற்குப் பின்னால் வருவது எல்லாமே குப்பை. அதே பிட் கெர்னலின் பகுதியில் புரண்டால் நீலத்திரை. ஆக, பழுது ஆறு மாதமாகவே இருந்திருக்கலாம். இன்ஸ்டால் அன்றுதான் அது வெளியே தெரிந்தது. வட்டவடை ஏற்றத்தில் ஜீப் திணறி நின்றால் பானட்டைத் திறந்து பார்ப்போம், மேலே கட்டியிருக்கும் உருளைக்கிழங்கு மூட்டையில் என்ன கோளாறு என்று யாரும் ஆராய்வதில்லை. கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் மூட்டையைத்தான் பிரித்துப் பார்க்கிறோம்.

அடுத்த வாதம் இதைவிட உறுதியானது போலத் தெரியும்: "ஹார்டுவேர் கெட்டிருந்தா கம்ப்யூட்டர் ஆனே ஆகாதே. ஆன் ஆகுது, நெட் பாக்குறோம், பாட்டுக் கேக்குறோம். அப்புறம் எப்படி ஹார்டுவேர்?" பல்பைப் போல ஒன்று எரியும், இல்லாவிட்டால் எரியாது என்ற எண்ணம். இந்த எண்ணத்தில்தான் மொத்தத் தப்பும் தொடங்குகிறது.

கூகுள் நிறுவனத்தின் சர்வர்களில் இரண்டரை ஆண்டுகள் ரேம் பிழைகளைக் கணக்கெடுத்து 2009-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஓராண்டில் மூன்றில் ஒரு பங்கு கம்ப்யூட்டர்களில் ஒரு பிழையாவது வந்திருந்தது. ரேம் துண்டுகளில் 8 சதவீதத்துக்குமேல் பாதிக்கப்பட்டிருந்தன. அத்தனையும் ஆன் ஆகி, வேலை செய்துகொண்டிருந்த சர்வர்கள். அவற்றில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் விலையுயர்ந்த ரேம் இருந்ததால்தான் கணக்கெடுக்கவே முடிந்தது. நம் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அந்த வசதி இல்லை. பிழை வந்ததே தெரியாது; விளைவு மட்டும் தெரியும்.

2011-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களே இன்னொன்றைச் செய்தார்கள். ஏறத்தாழ 10 லட்சம் சாதாரணப் பயனாளர்களின் கம்ப்யூட்டர்களிலிருந்து எட்டு மாதக் காலத்தில் வந்த பழுதுத் தகவல்களை எடுத்து, ஹார்டுவேரால் விழுந்தவை எவை என்று பிரித்தார்கள். ஒருமுறை அப்படி விழுந்த கம்ப்யூட்டர் மறுபடியும் அதே காரணத்தால் விழும் வாய்ப்பு நூறு மடங்கு வரை கூடிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. விண்டோஸை விற்கும் நிறுவனமே சொன்னது இது: ஹார்டுவேர் பழுது விட்டுவிட்டு வரும், வந்தால் திரும்பத் திரும்ப வரும். நடுநடுவே கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடும்.

இதற்கெல்லாம் மேலாக, அண்மையில் நடந்த இன்டெல் விவகாரம் ஒன்றே போதும். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்விலை பிராசஸர்களை வாங்கியவர்களுக்கு 2023 முதல் விசித்திரமான தொல்லை. விளையாட்டு தொடங்கும்போது, கிராஃபிக்ஸ் மெமரி போதவில்லை என்று சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும். கிராஃபிக்ஸ் டிரைவரை இன்ஸ்டால் செய்யப் போனால், பொதி பழுது என்ற பிழை. பணம் போட்டு வாங்கியவர்கள் கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டினார்கள், விளையாட்டை எழுதியவர்களைத் திட்டினார்கள், விண்டோஸை அழித்து அழித்துப் போட்டார்கள். சுருக்கிய கோப்பை விரிக்கும் ஊடில் என்ற மென்பொருளை எழுதிய ராட் நிறுவனம், கோளாறு தங்களுடையதல்ல, பிராசஸர் தப்பான விடை தருகிறது என்று விளக்கவேண்டியிருந்தது. கடைசியில் 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது: பிராசஸர் அளவுக்கு மீறிய வோல்டேஜைக் கேட்டு வாங்கித் தன்னையே கெடுத்துக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் மைக்ரோகோடு திருத்தம் வந்தது, வாரன்டி இரண்டு ஆண்டுகள் நீட்டப்பட்டது. ஏற்கெனவே கெட்டுப்போனவற்றை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

கவனிக்கவேண்டியது என்னவென்றால், அந்தப் பிராசஸர்களும் ஆன் ஆயின, நெட் பார்த்தன, பாட்டுப் பாடின. பொதியை விரிக்கச் சொன்னபோதுதான் விழுந்தன. ஐம்பதாயிரம் ரூபாய் பிராசஸருக்கே இந்தக் கதி என்றால், செகண்ட்ஹேண்டில் வாங்கிய நம் வீட்டுப் பெட்டியில் ரேம் சுத்தம் என்று எந்த நம்பிக்கையில் ஃபார்மட்டுக்குப் போகிறோம்?

வைரஸ் விஷயத்துக்கு வருகிறேன். 2017 மே மாதம் வானாகிரை உலகத்தைக் கலக்கியபோது கேரளத்தில் வயநாட்டின் தரியோடு, பத்தனம்திட்டையின் அருவாப்புலம் பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்களும் மாட்டின. அவை அணைந்துபோகவில்லை. கோப்புகளைப் பூட்டிவிட்டு, பணம் கேட்டு அறிவிப்புக் காட்டிக்கொண்டு ஓடின. ஓடினால்தானே பணம் கேட்க முடியும்? பாஸ்வேர்டு திருடுவதற்கும் சத்தமில்லாமல் கிரிப்டோ காசு தோண்டுவதற்கும் கம்ப்யூட்டர் நன்றாக ஓடவேண்டும். கம்ப்யூட்டரைக் கவிழ்ப்பதற்கென்றே வைரஸ் எழுதிய விடலைப் பையன்களின் காலம் போய்விட்டது. வைரஸே இருக்காது என்று நான் சொல்லவில்லை. கிராக் போட்ட சாஃப்ட்வேர் இருக்கும் இடத்தில் அது இருக்கத்தான் செய்யும். ஆனால் இன்ஸ்டால் நடுவே பட்டென்று கரண்ட் போனதுபோல அணைவது அதன் வேலையாக இருப்பது அபூர்வம்.

"சரி, ஃபார்மட் அடிச்சப்புறம் சரியாத்தானே ஆச்சு?" ஃபார்மட் கட்சியின் பலமான வாதம் இது. அனுபவம் பேசுகிறது, மறுக்க முடியாது என்று நினைப்போம். கடை மேசையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

கேபினெட்டைத் திறந்ததும் புளோயரை வைத்துத் தூசியை ஊதுவார்கள். வட்டவடை மாதிரி விறகு எரியும் வீடுகளில் புகைக்கரியும் தூசியும் சேர்ந்து பிராசஸர் ஃபேனுக்கு அடியில் பிசுபிசுவென்று ஒரு படலமாக ஒட்டியிருக்கும். ஊர் குளிர்ந்த ஊராக இருப்பதால் பிராசஸர் சூடாகாது என்று அர்த்தமில்லை. அப்புறம் ரேமைக் கழற்றி, பொன்னிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் இரண்டு தேய் தேய்த்து மறுபடி அழுத்தி மாட்டுவார்கள். க்ளக் என்று சத்தம் வரும்வரை. மூடுபனியும் ஈரமும் மாதக்கணக்கில் இருக்கிற ஊரில் அந்தக் கால்களில் அழுக்குப் படிந்து தொடர்பு விட்டுவிட்டு வருவது சாதாரணம். இந்த இரண்டு வேலையும் கடைக்காரருக்குப் பழக்க தோஷம், பில்லில்கூட வராது. பிறகுதான் ஃபார்மட். கம்ப்யூட்டர் சரியானால் பேர் யாருக்கு? ஃபார்மட்டுக்கு. ரப்பருக்கு அல்ல.

தூசியும் ரேமும் காரணமில்லாத இடத்திலும் ஃபார்மட் கொஞ்ச நாளைக்கு ஏமாற்றும். புதிதாகப் போட்ட விண்டோஸ் குறைந்த மெமரியில் ஓடும். ரேமில் கெட்ட பகுதி எதுவோ அதைத் தொடாமலே நாட்கள் போகும். டிஸ்க்கில் கெட்ட செக்டார் இருந்த இடத்தில் இப்போது வேறு கோப்பு இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. பாரம் கூடிக் கோப்புகள் நிறைந்ததும் பழைய தொல்லை திரும்பும். அப்போது "மறுபடி வைரஸ் ஏறிடுச்சு" என்பார்கள்.

இதைவிடப் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு. கடையில் ஓடுகிறது, வீட்டுக்கு வந்தால் நிற்கிறது. மலை ஊர்களில் இது அடிக்கடி கேட்கிற புகார். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் கடையில் உண்மையிலேயே ஓடியது. ஏனென்றால் அவர் கடை பஜாரில், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் வீடு லைன் முடியும் இடத்தில் இருக்கிறது.

வீடுகளுக்கு 230 வோல்ட், அதில் 6 சதவீதம் கூடலாம் குறையலாம் என்பது நாட்டில் நெடுங்கால விதி. அதாவது 216-இலிருந்து 244 வரை. காட்டு வழியாக வரும் நீண்ட லைனின் கடைக்கோடியில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் அடுப்பும் ஹீட்டரும் போட்டபின் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். மலிவான எஸ்எம்பிஎஸ் பலவும் 180 வோல்ட்டுக்குக் கீழே போனால் கைவிட்டுவிடும். சும்மா இருக்கும்போது தாக்குப்பிடிக்கும். இன்ஸ்டால் தொடங்கிப் பாரம் ஏறும்போது கைவிடும்.

வோல்டேஜ் சரியாக இருந்தாலும் கண்சிமிட்டல் இருக்கிறது. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸே முழுப் பாரத்தில் 16 மில்லிவினாடி மின்சாரம் இல்லாமல் தாங்கவேண்டும் என்பதுதான் ஏடிஎக்ஸ் வடிவமைப்பின் நெடுங்கால எதிர்பார்ப்பு. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுற்றே 20 மில்லிவினாடி. காற்றில் கிளை ஒன்று கம்பியில் உரசினால் போதும். டியூப்லைட் லேசாகச் சிமிட்டும், ஃபேன் அதுபாட்டுக்குச் சுற்றும், கம்ப்யூட்டர் விழும். விழுந்த நேரம் இன்ஸ்டால் நேரமானால் பழி சாஃப்ட்வேருக்கு. "எங்ககிட்ட யுபிஎஸ் இருக்கே" என்பவர்கள் அதன் பேட்டரி எத்தனை வயது என்று பார்க்கவேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்குமேல் ஆன பேட்டரி பெரும்பாலும் பேருக்குத்தான் இருக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் அதன் முதுகில் இருக்கும் ஒரு சுவிட்சைப் பார்க்கவேண்டும்: நார்மல், யுபிஎஸ் என்று இரண்டு நிலை இருக்கும். நார்மலில் வைத்தால் மாறுவதற்கு எடுக்கும் நேரத்தில் ஃபேனுக்கு ஒன்றும் ஆகாது, கம்ப்யூட்டர் விழுந்துவிடும்.

எர்த் இன்னொரு தலைவலி. கேபினெட்டின் இரும்பில் புறங்கை பட்டால் சுருக்கென்று இருக்கிறதா? பிளக் பாயின்டில் எர்த் இல்லை. துலாவர்ஷத்திலும் ஏப்ரல், மே மாதத்திலும் இடி இறங்கும் கேரள மலையில் எர்த் இல்லாமல் ஒரு கம்ப்யூட்டரை ஓட்டுவது என்ன தைரியம் என்று தெரியவில்லை. ஒரு இடி எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கருக்காவிட்டாலும் மதர்போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் அரைகுறையாக்கிவிட்டுப் போகலாம். அந்த அரைகுறைதான் அடுத்த இன்ஸ்டாலில் வெளியே வரும்.

மதர்போர்டு என்றதும் டெல் கதை நினைவுக்கு வருகிறது. 2003 வாக்கில் விற்ற ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270 வகைக் கம்ப்யூட்டர்களில் கெட்ட கெபாசிட்டர்கள் இருந்தன. தலை உப்பி, கசிந்து, கம்ப்யூட்டர்கள் காரணமில்லாமல் நின்றன. அதைச் சரிசெய்ய டெல் 2005-இல் 30 கோடி டாலர் ஒதுக்கவேண்டி வந்தது. கேபினெட்டைத் திறந்து, பிராசஸரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகளின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதற்கு யாருடைய உதவியும் வேண்டாம்.

எதிர்க்கட்சிக்கு நியாயம் இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைக் கவிழ்த்தது. நம் ஊர் விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். கெர்னலுக்குள் நுழையும் உரிமை உள்ள சாஃப்ட்வேர் கெட்டால் இப்படி ஆகும். கிராஃபிக்ஸ் டிரைவர், பிரிண்டர் டிரைவர், ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டிவைரஸ் என்று சந்தேகப்பட இடமுள்ள சந்தர்ப்பங்கள் உண்டு. ஆனால் அவற்றுக்கு ஓர் அடையாளம் இருக்கிறது: ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே பிழையோடு விழும். கிரவுட்ஸ்டிரைக் விஷயத்திலும் அந்த ஒரு கோப்பை அழித்ததும் கம்ப்யூட்டர்கள் எழுந்தன. அதற்கு ஃபார்மட் தேவைப்படவில்லை.

லினக்ஸ்காரர்கள் இந்த அடையாளத்தை 1990-களிலேயே பிடித்துவிட்டார்கள். கெர்னலைக் கம்பைல் செய்யும்போது சிக்னல் 11 என்ற பிழையோடு வேலை நின்றுபோகும். எல்லாரும் கம்பைலரைக் குறை சொன்னார்கள். நெதர்லாந்தின் ரோஜியர் வுல்ஃப் என்பவர் ஒரு நீண்ட கேள்வி-பதில் எழுதி வைத்தார். அதன் சாரம்: மறுபடி ஓட்டிப் பார். அதே வரியில் நின்றால் சாஃப்ட்வேர். வேறு வேறு இடத்தில் நின்றால் ஹார்டுவேர், பெரும்பாலும் ரேம். முப்பது ஆண்டு ஆகப்போகிறது, இதைவிட நல்ல சோதனை இன்னும் வரவில்லை.

ஆகவே ஒரு சாஃப்ட்வேரைப் போடும்போது கம்ப்யூட்டர் விழுந்தால் இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். சாஃப்ட்வேர் மட்டும் பிழை காட்டி மூடிக்கொண்டு, விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் அது வேறு கதை: ரேஞ்ச் விட்டுவிட்டு வரும் ஊரில் டவுன்லோடு அரைகுறையாக இறங்கியிருக்கும், மறுபடி இறக்கினால் போதும். நீலத்திரை வந்து ஒவ்வொரு தடவையும் வேறு வேறு காரணம் சொன்னால் ரேமைப் பாருங்கள். எதுவும் சொல்லாமல் பட்டென்று அணைந்தால் மின்சாரம், எஸ்எம்பிஎஸ், சூடு. டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே நிமிடக்கணக்கில் உறைந்து நின்றால் டிஸ்க்.

ரேமுக்கு மெம்டெஸ்ட்86 இருக்கிறது. கிறிஸ் பிரேடி 1994-இல் எழுதியது, இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. பென்டிரைவில் ஏற்றி, ராத்திரி படுக்கப் போகும்போது ஓடவிட்டுக் காலையில் பார்த்தால் போதும். ஒரே ஒரு பிழை இருந்தாலும் அது பழுதுதான். இரண்டு பிழைதானே என்று சமாதானம் சொல்லக்கூடாது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே ஸ்மார்ட் என்ற பட்டியலில் எழுதி வைத்திருக்கும். ஹார்டு டிஸ்க்கானால் அதில் 5, 197 என்ற இரண்டு வரிகளில் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால், அன்றைக்கே கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுங்கள். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு மட்டும் இருந்து, முன்னால் நீலத்திரைக்கான தடயம் எதுவும் இல்லாவிட்டால் மின்சாரப் பக்கம் திரும்புங்கள். லேப்டாப்பாக இருந்தால் இன்னும் சுலபம்: சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். வீட்டு மின்சாரம் குற்றவாளியா இல்லையா என்று அப்போதே தெரியும்.

கடைசியாக ஒரு சோதனை, அது கேரளத்துக்காரர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2001-இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி 2017-இல் கைட் என்று பெயர் மாறிய அரசு நிறுவனம், பள்ளிகளுக்காக உபுண்டுவை அடிப்படையாக வைத்து ஒரு லினக்ஸ் தருகிறது. நம் பிள்ளைகள் தமிழில் அச்சான ஐசிடி பாடநூலை வைத்துப் படிப்பது அதில்தான். அதைப் பென்டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலே கம்ப்யூட்டரை இயக்கலாம். டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸும் கோப்புகளும் அப்படியே இருக்கும். அதில் நாலைந்து மணிநேரம் வேலை கொடுத்துப் பாருங்கள். அங்கேயும் விழுந்தால் விண்டோஸும் வைரஸும் விடுதலை. கைட்டின் லிட்டில் கைட்ஸ் மாணவர் குழுவில் இருக்கும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு இதைச் செய்யத் தெரியும். நமக்குத்தான் பிள்ளையிடம் கேட்கக் கூச்சம்.

இவ்வளவு தெரிந்தும் கடைக்காரர் ஏன் ஃபார்மட் என்கிறார்? அவரைத் திட்டுவதற்கு முன் நம் பர்ஸைப் பார்க்கவேண்டும். ஃபார்மட் ஒன்றரை மணிநேரத்தில் முடியும், சில நூறு ரூபாய் கேட்டால் பேசாமல் கொடுக்கிறோம். ராத்திரி முழுக்க ரேமைச் சோதித்துவிட்டு, "ரேம் நல்லா இருக்குண்ணே, எஸ்எம்பிஎஸ்ஸைப் பாக்கணும்" என்று சொல்லி அதே பணம் கேட்டால், "ஒண்ணுமே செய்யலையே, எதுக்குக் காசு?" என்கிறோம். கண்டுபிடிப்பதற்குக் கூலி கிடையாது, அழிப்பதற்குத்தான் கூலி என்று நாமே விலை வைத்துவிட்டோம். அவர் அந்த விலைக்கு விற்கிறார்.

இப்போது இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பழைய கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11 ஏற்றுவதும், முடியாதவற்றில் லினக்ஸ் ஏற்றுவதும் வீடுவீடாக நடக்கிறது. ஒரு கம்ப்யூட்டர் சந்திக்கும் இன்ஸ்டால்களில் மிகப் பெரியது இது. பல கம்ப்யூட்டர்கள் பாதியில் விழும். "விண்டோஸ் 11 இதுக்கு ஒத்து வரலை, புதுசு வாங்கிடுங்க" என்று கேட்கப்போகிறோம். ரேமைச் சோதிக்காமல் அதை நம்பிவிடாதீர்கள். ஒரு ரேம் துண்டோ ஒரு எஸ்எம்பிஎஸ்ஸோ மாற்றினால் இன்னும் நாலு வருடம் ஓடக்கூடியவை அதில் எத்தனையோ.

கடைக்குக் கொண்டுபோவதானால் மலை இறங்கும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். மெம்டெஸ்ட் ஓட்டி, வந்த விடையை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு மீதிக் கேபினெட்டை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். நான்கு ஸ்க்ரூ, இரண்டு கேபிள், அவ்வளவுதான். டிஸ்க் இல்லாமல் எப்படிப் பார்ப்பது என்று கடைத் தம்பி கேட்டால், உங்களிடம் இருக்கும் டிஸ்க்கை மாட்டிப் பார் தம்பி என்று சொல்லுங்கள்.